ஒன்பதாம் இடம்: சுவாமி சிவானந்தர் நடத்திய ஒரு பாடம்



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை தர வேண்டும் என்று செயலவையில் கேட்டபோது, வழக்கம்போல் ஒரு தல வரலாறோ நாயன்மார் வரலாறோ எழுதித் தரலாம் என்றுதான் எண்ணினேன். ஆனால் சில ஆண்டுகளாக ஒரு காட்சி என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. எஸ்.பி.எம். முடிவு வெளிவந்த வாரத்து வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை நீங்கள் உற்றுப் பார்த்ததுண்டா? நல்ல தேர்ச்சி பெற்ற பிள்ளை குடும்பத்தோடு வருகிறது, அர்ச்சனை நடக்கிறது, சர்க்கரைப் பொங்கல் வழங்கப்படுகிறது. எதிர்பார்த்தது கிடைக்காத பிள்ளை வருவதில்லை. தேர்வுக்கு முன்பு பேனாவை அம்பாள் பாதத்தில் வைத்து வாங்கிச் சென்ற அதே பிள்ளைதான். வென்றவர்கள் வந்து நன்றி சொல்லும் இடமாக மட்டும் ஆலயம் இருந்தால், தோற்றவன் எங்கே போவான்?

இந்தக் கேள்விக்கு விடையாக, ஓர் இளைஞனுக்கு ஒரு துறவி நடத்திய பாடத்தை இங்கே எழுத விரும்புகிறேன். அந்தத் துறவி நம் நாட்டுக்குப் புதியவர் அல்லர். ஆகவே அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

திருநெல்வேலிச் சீமையில் பத்தமடை என்றால் கோரைப்பாய் நினைவுக்கு வரும். அவ்வூரில் 1887-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் பிறந்தவர் குப்புசாமி. அப்பைய தீட்சிதர் மரபில் வந்த குடும்பம். தஞ்சாவூரில் மருத்துவம் படித்தார். மருத்துவ இதழ் ஒன்றையும் சில காலம் நடத்தினார். பின்னர் 1913-இல் பிழைப்புத் தேடி மலேயாவுக்குக் கப்பல் ஏறினார். கப்பலில் சமைத்ததை உண்ண மனம் ஒப்பாமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த இனிப்புப் பலகாரங்களைத் தின்றே பயணத்தை ஒப்பேற்றி, அரை உயிராகக் கரை இறங்கினாராம்.

கையில் வேலை இல்லை. சிரம்பானில் தமக்கு அறிமுகமானவர் வழியாக டாக்டர் பார்சன்ஸ் என்ற வெள்ளைக்கார மருத்துவரை நாடிச் சென்றார். அவரிடமும் உதவியாளர் இடம் காலியாக இல்லை. ஆனால் இளைஞரின் தன்னம்பிக்கை பார்சன்சுக்குப் பிடித்துவிட்டது. பக்கத்து ரப்பர்த் தோட்டத்தின் நிர்வாகியான ராபின்ஸ் என்பவரிடம் அழைத்துச் சென்றார். தனியாக ஒரு மருத்துவமனையை நடத்த முடியுமா என்று துரை கேட்க, ஒன்று என்ன, மூன்றையும் பார்த்துக்கொள்வேன் என்ற பொருள்பட நம்மவர் பதில் சொன்னார். வேலை கிடைத்தது. சிரம்பானுக்கு அருகே அந்தத் தோட்ட மருத்துவமனையில் ஏழு ஆண்டுகள். பிறகு ஜொகூர் பாருவில் மூன்று ஆண்டுகள். பால் வெட்டும் நம் மக்களுக்கு நாடி பிடித்துப் பார்த்து மருந்து கொடுத்த கை அது. மலேரியாவும் வயிற்றுப்போக்கும் தோட்டத்துக்குத் தோட்டம் ஆட்களைக் கொண்டுபோன காலம் என்பதை மூத்தவர்கள் அறிவார்கள்.

1923-இல் வருமானம் மிகுந்த அந்த வாழ்வை உதறிவிட்டு இந்தியா திரும்பினார். 1924 ஜூன் முதல் நாள் ரிஷிகேசத்தில் துறவு பூண்டு சுவாமி சிவானந்த சரஸ்வதி ஆனார். துறவியான பிறகும் மருத்துவத்தை விடவில்லை. லட்சுமண் ஜூலாவில் யாத்திரிகர்களுக்காக இலவச மருந்தகம் நடத்தினார். 1936-இல் அவர் நிறுவிய தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தின் கிளை நம் நாட்டிலும் உண்டு. பத்துமலைப் பகுதியில் உள்ள சிவானந்த ஆசிரமத்துக்குத் தைப்பூசத்தின்போது போய் வந்தவர்கள் நம்மில் பலர் இருக்கக்கூடும்.

இனி அந்த இளைஞனிடம் வருவோம்.

1931-இல் இராமேசுவரத்தில் ஒரு படகுக்காரரின் மகனாகப் பிறந்த அப்துல் கலாமைப் பற்றி நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்றிரண்டை நினைவூட்டுகிறேன். சென்னை குரோம்பேட்டையில் விமானப் பொறியியல் படிக்க இடம் கிடைத்தபோது, சேர்க்கைக் கட்டணத்துக்கு ஆயிரம் ரூபாய் அளவில் தேவைப்பட்டது. வீட்டில் அவ்வளவு பணம் இல்லை. அவருடைய சகோதரி ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் தந்தார். அடகு நகையில் படித்த பிள்ளைக்கு மனத்தில் எவ்வளவு பாரம் இருக்கும் என்று நம் வீடுகளில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

அவருக்கு ஒரே கனவு, ஆகாய விமானம் ஓட்ட வேண்டும் என்பது. படிப்பு முடிந்து, 1950-களின் இறுதியில் இரண்டு நேர்முகத் தேர்வுகளுக்கு அழைப்பு வந்தது. ஒன்று டில்லியில், பாதுகாப்பு அமைச்சின் தொழில்நுட்பப் பிரிவில். மற்றொன்று டேராடூனில், இந்திய விமானப்படையில். டில்லித் தேர்வு எளிதாகவே நடந்தது. மனம் முழுவதும் டேராடூனில்தான் இருந்தது. அங்கே 25 பேர் சோதிக்கப்பட்டார்கள். எடுக்க வேண்டியவர்கள் எட்டுப் பேர். கலாம் ஒன்பதாவதாக வந்தார்.

ஆசிரியர் தொழிலில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், இருபத்தைந்தாவது இடத்தைவிட ஒன்பதாவது இடம் கொடியது. கடைசியில் வந்தவன் ‘இது நமக்குச் சரிப்பட்டு வராது’ என்று எழுந்து போய்விடுவான். ஒன்பதாவதாக வந்தவனோ இரவெல்லாம் கணக்குப் போடுவான். அந்த ஒரு கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லியிருந்தால்? இன்னும் கொஞ்சம் திடகாத்திரமாக இருந்திருந்தால்? நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்த ஒன்பதாவது இடத்துக்காரர்கள்தாம். பத்து ‘ஏ’வும் அதற்கு மேலும் பெற்ற அனைவருக்கும் இனவேறுபாடின்றி மெட்ரிகுலேஷனில் இடம் என்று அரசாங்கம் 2024-இல் அறிவித்தது, வரவேற்க வேண்டிய அறிவிப்பு. ஆனால் கம்போங் மேடானில் என்னிடம் படிக்க வரும் பிள்ளைகள் ஐந்து, ஆறு, ஏழு ‘ஏ’ எடுப்பவர்கள். கோடு அவர்களுக்கு மிக அருகில்தான் விழுகிறது, ஆனால் அந்தப் பக்கத்தில்.

கலாம் டில்லிக்கு உடனே திரும்பவில்லை. மனம் ஒடிந்து ரிஷிகேசம் வந்தார். கங்கையில் நீராடினார். சற்றுத் தூரத்தில் இருந்த சிவானந்த ஆசிரமத்துக்கு நடந்தார். இராமேசுவரத்து இமாமின் மகன், கங்கைக் கரையில், ஓர் இந்துத் துறவியின் வாசலில். வெள்ளை வேட்டியும் காலில் மரப் பாதுகையுமாகச் சுவாமி காட்சியளித்ததையும், குழந்தைச் சிரிப்பையும், ஊடுருவும் கண்களையும் கலாம் தம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் வருணித்திருக்கிறார்.

அடுத்து நடந்ததை நாம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மேடைகளில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் நேரே முடிவுக்குப் பாய்ந்துவிடுகிறார்கள். ‘நீ பெரிய ஆளாக வருவாய் என்று சுவாமி சொன்னார், அவர் ஜனாதிபதியாகவே ஆனார்’ என்று கைதட்டல் வாங்குகிறார்கள். எனக்கு அந்தச் சொல்முறையில் உடன்பாடு இல்லை. ஜனாதிபதி ஆகாத பிள்ளைக்கு அந்தக் கதையால் என்ன பயன்?

கலாம் தம் பெயரைச் சொன்னார். முஸ்லிம் பெயர் என்பதால் சுவாமியின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை என்பதை அவரே குறிப்பிட்டுச் சொல்கிறார். 2001 மார்ச் மாதத்தை நினைவில் வைத்திருக்கும் நம் வட்டாரத்து மக்களுக்கு, பெயரைக் கேட்டதும் முகம் மாறாத ஒரு மனிதரைச் சந்திப்பது எத்தனை பெரிய ஆறுதல் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. அடுத்து, கலாம் வாய் திறப்பதற்கு முன்பாகவே சுவாமி அவருடைய துயரத்தின் காரணத்தைக் கேட்டார். கலாம் விமானப்படைத் தேர்வைப் பற்றியும், பறக்க வேண்டும் என்று நெடுநாளாக வளர்த்த ஆசையைப் பற்றியும் சொன்னார். சுவாமி கேட்டுக்கொண்டிருந்தார். அதன் பிறகே பேசினார்.

அவர் சொன்னதன் சாரம் இது: விமானி ஆவது உனக்கு விதிக்கப்படவில்லை, அதை ஏற்றுக்கொள். உனக்கு என்ன விதிக்கப்பட்டிருக்கிறது என்பது இப்போது தெரியாது. இந்தத் தோல்வியை மறந்து, உன் வழியில் மேலே போ. உன்னை இறைவனிடம் ஒப்படைத்துவிடு.

‘விதி’ என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு ஒரு தயக்கம் வரும், அதை மறைக்க விரும்பவில்லை. நான் வளர்ந்த தோட்டத்தில் அந்தச் சொல் மலிவாகப் புழங்கியது. பள்ளிக்கு அனுப்ப வசதி இல்லையா, தலைவிதி. துரை வீட்டைக் காலி செய்யச் சொன்னானா, தலைவிதி. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, சட்டி பானைகளுடன் லாரியில் ஏறி இந்தப் பழைய கிள்ளான் சாலை ஓரம் வந்து பலகை வீடு கட்டியவர்களில் எத்தனை பேர் அந்தச் சொல்லையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தார்கள்! விதி என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொள்வது நம் சமூகத்துக்குச் செய்த கேடு கொஞ்சநஞ்சமல்ல.

சுவாமி சொன்ன விதி அதுவன்று என்று எப்படித் தெரிந்துகொள்வது? கலாம் அடுத்துச் செய்த செயலைப் பார்த்தால் தெரியும். அவர் ஆசிரமத்தில் தங்கிவிடவில்லை. காவி கேட்கவில்லை. நேரே டில்லிக்குப் போய், ஏற்கெனவே எழுதியிருந்த மற்றொரு தேர்வின் முடிவை விசாரித்தார். பதிலாகக் கையில் நியமனக் கடிதத்தைக் கொடுத்தார்கள். மறுநாளே வேலையில் சேர்ந்தார். முதுநிலை அறிவியல் உதவியாளர்; அடிப்படைச் சம்பளம் மாதம் 250 ரூபாய். விமானத்தை ஓட்ட முடியாவிட்டாலும் விமானம் பறக்கத் தகுதியாக இருப்பதற்கு உதவலாம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாராம்.

டேராடூன் பட்டியலை இனி யாராலும் மாற்ற முடியாது. அதைப் பற்றிய கணக்கை மூடிவிடு என்றார் சுவாமி. ஆனால் டில்லியில் ஒரு கடிதம் மேசையில் கிடந்தது. அதைப் போய்க் கேட்பதற்குக் கால் வேண்டும், முகம் வேண்டும். துக்கத்தில் உறைந்து கிடப்பவனுக்கு அந்தக் கால் வராது. அந்தக் காலைத்தான் சுவாமி மீட்டுக் கொடுத்தார். மருத்துவராக இருந்தவர் அல்லவா? பத்து ஆண்டுகள் தோட்டத்திலும் ஊரிலும் நோயாளியின் அருகில் நின்றவருக்கு, எந்த உறுப்பை வெட்டியாக வேண்டும், எதைக் காப்பாற்றலாம் என்ற பழக்கம் துறவிலும் போகவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பகவத் கீதையிலும் இதே வரிசைதான் அமைந்திருக்கிறது. முதல் அத்தியாயத்தின் பெயரே ‘அர்ஜுன விஷாத யோகம்’. விஷாதம் என்றால் மனச்சோர்வு. சோர்வையும் ஒரு யோகம் என்று பெயரிட்டு முதல் படியாக வைத்த சமயம் நம்முடையது. அந்த அத்தியாயத்தில் அர்ச்சுனன் வில்லைக் கீழே போடும் வரை புலம்புகிறான். கண்ணனோ, கூடி நிற்கும் கௌரவர்களைப் பார் என்று ஓரிடத்தில் சொல்வதோடு சரி. இரண்டாவது அத்தியாயத் தொடக்கத்தில் கொஞ்சம் கடிந்துகொள்கிறான். கடிந்தும் அர்ச்சுனன் எழவில்லை! நான் உன் சீடன், எனக்குச் சொல்லிக்கொடு என்று அவனே கேட்ட பிறகுதான் உபதேசம் தொடங்குகிறது. கடமையைச் செய், பலனில் உரிமை கொண்டாடாதே என்ற புகழ்பெற்ற உபதேசம் அதற்கும் வெகு பின்னால் வருகிறது. நாமோ அழுதுகொண்டிருக்கும் பிள்ளையிடம் முதல் வாக்கியமாகவே அதைத் தூக்கிப் போடுகிறோம்.

‘நாம்’ என்று பொதுவாகச் சொல்லித் தப்பித்துக்கொள்வது முறையல்ல. நான் செய்ததையே சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, மெட்ரிகுலேஷன் பட்டியல் வந்த வாரம், வெள்ளிக்கிழமை மாலை. அர்ச்சனைச் சீட்டு கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். நீண்ட வரிசை. நம் ஞாயிறு வகுப்பில் மூன்று ஆண்டுகள் படித்த பெண் ஒருத்தி வரிசையில் நின்று என் முன்னால் வந்தாள். நல்ல தேர்ச்சி பெற்றவள். தாயார் துப்புரவு வேலை செய்து வளர்த்த பிள்ளை.

“சார், எனக்குக் கிடைக்கலை சார்” என்றாள்.

“கவலைப்படாதம்மா, எல்லாம் அவன் செயல். இதைவிடப் பெரிசா ஒன்று உனக்காகக் காத்திருக்கும்” என்றேன். சொல்லும்போதே என் கை அடுத்தவருக்குச் சீட்டைக் கிழித்துக்கொண்டிருந்தது. அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். ஒரு பிள்ளைக்கு ஆறுதல் சொல்லிவிட்டோம் என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

ஒரு மாதம் கழித்து அவளுடைய தாயார் பேச்சுவாக்கில் சொன்னார். அன்று அவள் வந்தது ஆறுதலுக்காக அல்லவாம். மேல்முறையீடு செய்ய ஒரு சில நாள்களே இருந்திருக்கின்றன. எல்லாம் இணையம் வழி. வீட்டில் கணினி இல்லை. கைப்பேசியில் பாதியில் நின்றுவிட்டது. காரணத்தை மலாயில் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சாரிடம் கேட்டால் உதவுவார் என்று வந்திருக்கிறாள். நான் அவளுக்கு வேதாந்தம் சொல்லி அனுப்பிவிட்டேன். நாள் கடந்துவிட்டது.

மேல்முறையீடு செய்திருந்தால் கிடைத்திருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அது எனக்குச் சமாதானமும் ஆகாது. அவள் படிவம் ஆறில் சேர்ந்து எஸ்.டி.பி.எம். எழுதினாள்; இப்போது ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். விரும்பிய அறிவியல் படிப்பு அமையவில்லை. வழியில் கண்டால் “வணக்கம் சார்” என்று மரியாதையாகவே சொல்வாள். சிவானந்தர் முதலில் ‘ஏன் வருத்தம்?’ என்று கேட்டார் என்ற வரியை ‘அக்னிச் சிறகுகளில்’ நான் பலமுறை படித்திருக்கிறேன். வகுப்பிலும் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு கேள்வியை அன்று நான் கேட்டிருந்தால், பதில் அரை நிமிடத்தில் வந்திருக்கும்.

கலாமின் வாழ்வில் ஏமாற்றம் டேராடூனோடு முடியவில்லை. பெங்களூரில் தரைக்குச் சற்று மேலே மிதந்து செல்லும் ஊர்தி ஒன்றை உருவாக்கினார். சிவபெருமானின் வாகனமான ‘நந்தி’ என்று அதற்குப் பெயர். பாதுகாப்பு அமைச்சராக இருந்த கிருஷ்ண மேனன் அதில் ஏறியே பார்த்தார். மேனன் பதவி விலகியதும் அத்திட்டம் கிடப்பில் போடப்பட்டது. அந்த வருத்தத்தில் இருந்தபோதுதான் விண்வெளி ஆராய்ச்சிக் குழுவிலிருந்து அழைப்பு வந்து, விக்ரம் சாராபாயிடம் போய்ச் சேர்ந்தார்.

பெரிய அடி 1979-இல் விழுந்தது. ஆகஸ்டு 10-ஆம் நாள், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் முதன்முறையாகச் செலுத்தப்பட்டது. திட்ட இயக்குநர் கலாம். பல ஆண்டு உழைப்பு. முதல் கட்டம் சரியாக நடந்தது. இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாடு தவறியது. 317 வினாடிகளில் எல்லாம் முடிந்து, ஏவுகலம் 560 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் விழுந்தது.

அன்று இரண்டு பெரியவர்கள் நடந்துகொண்ட விதத்தைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். ஒருவர் விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவர் சதீஷ் தவான். பத்திரிகையாளர் கூட்டத்தில் கலாமை முன்னால் தள்ளாமல், தாமே முன் நின்று தோல்வியைத் தம்முடையதாக ஏற்றார். தம் குழுவினர் மீது நம்பிக்கை இருப்பதாகவும், அடுத்த முயற்சி வெற்றி பெறும் என்றும் சொன்னார். 1980 ஜூலை 18-ஆம் நாள் அதே ஏவுகலம் 35 கிலோ எடையுள்ள ரோகிணி துணைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது. அன்று பத்திரிகையாளர்களைச் சந்திக்குமாறு கலாமை அனுப்பினார் தவான். இதைக் கலாம் எத்தனையோ மேடைகளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

நம் வீடுகளில் இது தலைகீழாக அல்லவா நடக்கிறது? பிள்ளை ஒன்பது ‘ஏ’ எடுத்தால் தகப்பனார் புலனத்தில் எல்லாக் குழுவுக்கும் படம் அனுப்புகிறார். மூன்று ‘ஏ’ என்றால், கல்யாண வீட்டில் பெரியம்மா “எத்தனை ஏ?” என்று கேட்கும்போது, “அவனையே கேளுங்க” என்று பிள்ளையை முன்னால் தள்ளிவிட்டு நகர்ந்துவிடுகிறார். உறவினர்கள் என்ற அந்தப் பத்திரிகையாளர் கூட்டத்தை முதல் ஒரு மாதத்துக்காவது அப்பாவோ அம்மாவோதான் சமாளிக்க வேண்டும். “நாங்க பார்த்துக்கிறோம், அடுத்தது என்னன்னு யோசிச்சுக்கிட்டிருக்கோம்” என்று ஒரு வார்த்தை பெற்றவர் வாயிலிருந்து வந்தால் போதும், பிள்ளையின் முதுகு நிமிரும்.

மற்றொருவர் பிரம்ம பிரகாஷ். திருவனந்தபுரத்தில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் இயக்குநர். ஏவுகலம் விழுந்த அன்று கலாம் உடலும் மனமும் களைத்துப்போய் அறைக்குச் சென்று படுத்துவிட்டார். கண் விழித்தபோது பிற்பகல் கழிந்திருந்தது. கட்டிலருகே பிரம்ம பிரகாஷ் உட்கார்ந்திருந்தார். விளக்கம் எதுவும் கேட்கவில்லை. சாப்பிடப் போகலாமா என்று கேட்டார். அவ்வளவுதான். அத்தனை வயது முதிர்ந்த விஞ்ஞானி பட்டினியோடு காத்திருந்ததைக் கலாம் தம் நூலில் மறக்காமல் எழுதியிருக்கிறார். தோல்வியின் தொழில்நுட்பக் காரணங்களுக்கு நடுவே இந்தச் சாப்பாட்டுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்.

என் தவறு தெரிந்த பிறகு செயலவையில் ஒரு வேண்டுகோள் வைத்தேன். எஸ்.பி.எம்., மெட்ரிகுலேஷன், பல்கலைக்கழகச் சேர்க்கை என்று எந்த முடிவு வந்தாலும், அந்த வாரம் முழுவதும் மாலை பூஜை முடிந்து மண்டபத்தில் விளக்கு எரிய வேண்டும். ஒரு கணினியும் அச்சுப்பொறியும் இருக்க வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவராவது உட்கார்ந்திருக்க வேண்டும் என்றேன். செயலவை ஏற்றுக்கொண்டது. கணினிக்கான செலவு நீங்கள் அறவாரியத்துக்கு அளித்த கல்வி நிதியிலிருந்து வந்தது என்பதை நன்கொடையாளர்களுக்கு இங்கே நன்றியோடு தெரிவித்துக்கொள்கிறேன். மேல்முறையீடு எழுதுவது, படிவம் ஆறுக்கும் போலிடெக்னிக்குக்கும் உள்ள வேறுபாடு, தொழிற்பயிற்சிக் கழகங்கள், பி.டி.பி.டி.என். கடனை எதற்கு வாங்கலாம், எதற்கு வாங்கக் கூடாது என்பவையெல்லாம் அங்கே பேசப்படுகின்றன. தேசா மெந்தாரி அடுக்குமாடியிலிருந்து நடந்தே வரும் பிள்ளைகளும் உண்டு.

அங்கே உட்காரும் ஆசிரியர்களுக்கு நாங்கள் ஒரே ஒரு விதி வைத்திருக்கிறோம். பிள்ளை வந்ததும் முதலில் தேநீர். பிறகு ‘என்ன நடந்தது, சொல்’ என்று ஒரு கேள்வி. பிள்ளை பேசி முடிக்கும் வரை பெரியவர்கள் வாய் திறக்கக் கூடாது. ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கு இது எவ்வளவு கடினம் என்பதை எங்கள் மனைவிமாரைக் கேட்டால் சொல்வார்கள். முதல் ஆண்டில் நானே இரண்டு முறை விதியை மீறிவிட்டேன். சில பிள்ளைகள் பேசுவதே இல்லை. தேநீரைக் குடித்துவிட்டு, பிராகாரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விடுவார்கள். அப்படிப் போன ஒருவன் மறுநாள் சான்றிதழ்களை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தான்.

சுவாமி சிவானந்தர் 1963 ஜூலை 14-ஆம் நாள் மகா சமாதி அடைந்தார். அன்று தம் முன்னால் நின்ற இளைஞர் பின்னாளில் என்னவானார் என்பதைப் பார்க்க அவர் இல்லை. கலாமோ அந்தப் பழைய ஆசையை முற்றிலும் மறந்தவர் அல்லர். 2006 ஜூன் 8-ஆம் நாள், இந்தியாவின் குடியரசுத் தலைவராகவும் முப்படைகளின் தலைமைத் தளபதியாகவும் இருந்தபோது, புனே லோஹேகாவ் விமானப்படைத் தளத்தில் விமானியின் உடையை அணிந்து, சுகோய்-30 போர் விமானத்தில் துணை விமானியாக ஏறி உட்கார்ந்தார். அரை மணி நேரத்துக்கும் மேலாக வானில் பறந்துவிட்டு இறங்கினார். அப்போது அவருக்கு வயது 74.